மூக்கு பெரிதானது எப்படி?

“சார், என் மூக்கு ரொம்பப் பெரிசு. அறுவை சிகிச்சை செய்து சிறிதாக்கலாமாமே?” சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி கேட்டாள். கண்ணாடியில் பார்த்தாயா என்றேன். இல்லை, கைபேசியில் எடுத்த செல்ஃபியில் பார்த்தாளாம்!

மாணவர்களே, இங்கே குற்றவாளி மூக்கல்ல. பலர் நினைப்பதுபோல் லென்சும் அல்ல. தூரம்தான். காமிராவிலிருந்து ஒரு பொருள் எத்தனை மடங்கு விலகுகிறதோ, அத்தனை மடங்கு அதன் பிம்பம் சிறுக்கும். மூக்கு நுனிக்குக் காதுகள் 12 செ.மீ. பின்னால் இருப்பதாகக் கொள்வோம். நுனியிலிருந்து 30 செ.மீ.இல் காமிரா இருந்தால் காதுகள் 42 செ.மீ.இல் இருக்கும். 42/30 = 1.4. அதாவது, காதுகளோடு ஒப்பிட மூக்கு 40 சதவீதம் பெரிதாக விழும்! காமிராவை 150 செ.மீ.க்குக் கொண்டு போங்கள்: 162/150 = 1.08. வெறும் 8 சதவீதம்.

2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதே கணக்கைக் கன்ன எலும்புகளோடு ஒப்பிட்டுப் போட்டார்கள். 30 செ.மீ. தொலைவில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும் என்பது அவர்கள் கண்டது.

நண்பரை இந்த இரு தூரங்களிலும் படமெடுத்து, முகங்களை ஒரே அளவாக்கிப் பாருங்கள். காதுகளைக் கவனியுங்கள், கிட்டத்துப் படத்தில் அவை கன்னத்துக்குப் பின்னே பதுங்கியிருக்கும்.

அந்த மாணவி நான் சொன்னபோது நம்பவில்லை. அளவுகோலை எடுத்து இரண்டு படங்களையும் தானே அளந்த பிறகுதான் நம்பினாள்.