விதைக் களஞ்சியத்துக்கு எத்தனை டன் குளிர்ச்சி வேண்டும்?

அறுவடை செய்த விதையை அடுத்த பட்டம் வரையில் முளைப்புத் திறன் குன்றாமல் வைத்திருப்பது எவ்வளவு சிரமம் என்பதைக் குடியானவர்கள் யாவரும் அறிவர். விதைக்கு விரோதிகள் இரண்டு. உஷ்ணம் ஒன்று, ஈரம் மற்றொன்று. விதையின் ஈரப்பதம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்றும், வைக்கும் இடத்தின் உஷ்ணம் 5 டிகிரி சென்டிகிரேட் குறையுந்தோறும் அவ்வாறே இரட்டிக்கும் என்றும் ஹாரிங்டன் என்னும் விதைநூல் வல்லுநர் ஒரு பொதுவிதி வகுத்துள்ளார். அதன்படி 30 டிகிரியில் இருந்த விதையை 20 டிகிரியில் வைத்தால் ஆயுள் நான்கு மடங்காகும்.

இக்காரணம் பற்றியே விதை உற்பத்தி செய்வோரும் கூட்டுறவுச் சங்கத்தாரும் குளிர்ந்த களஞ்சியம் கட்ட முற்படுகின்றனர். ஆனால் கட்டடத்தைக் கொத்தனாரின் மதிப்பின்படி கட்டி, யந்திரத்தை வியாபாரியின் மதிப்பின்படி வாங்குவதே பெரும்பாலும் வழக்கமாயிருக்கிறது. யந்திரம் சிறுத்தால் சித்திரை வெயிலில் விதை வேகும். பெருத்தால் பணம் வீணாவதோடு விதையும் கெடும். பெருத்தாலும் கெடுமோ என்று சிலர் வியக்கலாம். அதன் காரணம் பின்னர்க் கூறப்படும்.

கட்டுவதற்கு முன்னரே கணக்கிடுதல்

கட்டடத்தையும் அதன் யந்திரங்களையும் கணினிக்குள் எண்களால் அமைத்து, ஓராண்டு முழுவதும் அவை எவ்வாறு நடக்கும் என்று பார்க்கும் முறை இப்போது உண்டு. இதற்கான மென்பொருள்களில் பெயர் பெற்றது எனர்ஜிபிளஸ். 1970-களில் எண்ணெய் நெருக்கடி உண்டான பின்னர் அமெரிக்காவில் பிளாஸ்ட் என்றும் டிஓஇ-2 என்றும் இரு கணிப்பு முறைகள் தோன்றின. அவற்றின் நற்பண்புகளைச் சேர்த்து, அந்நாட்டு எரிசக்தித் துறையின் ஆதரவில் 2001-ல் இது வெளியிடப்பட்டது. விலையின்றிக் கிடைப்பது.

இதற்குத் தர வேண்டிய விவரங்கள் மூன்று வகையின. முதலாவது கட்டடம்: சுவரின் கனம், கூரையின் பொருள், சன்னல்களின் திசை. இரண்டாவது சீதோஷ்ணம்: ஓராண்டின் 8,760 மணிகளுக்கும் வெயில், காற்று, ஈரம் ஆகியவற்றின் எண்கள். மூன்றாவது உபயோகம்: கதவு எப்போது திறக்கப்படும், விளக்கு எத்தனை மணி எரியும், எவ்வளவு மூட்டை வந்து சேரும் என்பவை.

பகலெல்லாம் வெயில் காய்ந்த செங்கற்சுவர் இரவில் அனல் வீசுவதை யாவரும் அனுபவித்திருப்பர். மணிதோறும் கணக்கிடுவதால் இத்தகைய தாமதமும் கணக்கில் வந்துவிடுகிறது. உச்சிப்பொழுதின் உஷ்ணத்தை மட்டும் பார்த்துச் செய்யும் மதிப்பில் இது வாராது.

முதற்படி: குறையில்லாத யந்திரம்

தொடக்கத்திலேயே உண்மையான யந்திரத்தை அமைக்க முயல்வது தவறு. வேண்டிய குளிர்ச்சியை வேண்டிய கணத்தில் குறைவின்றித் தரும் ஒரு கற்பனை யந்திரம் இம்மென்பொருளில் உண்டு. அதை முதலில் வைத்தால், கட்டடம் தன்னளவில் எவ்வளவு குளிர்ச்சியைக் கேட்கிறது என்பது தெளிவாகும். கூரைக்கு வெள்ளை பூசினால் எவ்வளவு மிச்சம், மேற்குச் சுவருக்கு நிழல் தந்தால் எவ்வளவு மிச்சம் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க இதுவே தகுந்த சமயம். சுண்ணாம்பில் செலவிடும் சிறு தொகை யந்திரத்தில் பெருந்தொகையை மிச்சப்படுத்துமா என்பது இங்கே விளங்கும்.

இங்கே நேரும் பிழை ஒன்று உண்டு. கற்பனை யந்திரம் காட்டும் எண் அறையிலிருந்து நீக்க வேண்டிய வெப்பமேயன்றி, மின்சாரச் செலவு அன்று. மூன்று பங்கு வெப்பத்தை நீக்க ஒரு பங்கு மின்சாரம் கொள்ளும் யந்திரமாயின், அந்த எண்ணின் மூன்றில் ஒரு பாகமே மின்செலவாகும்.

இரண்டாம்படி: உண்மை யந்திரம்

சந்தையில் யந்திரத்தின் வலிமையை டன் என்று சொல்வர். 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது ஏற்கும் வெப்பமே ஒரு டன், அதாவது 3.517 கிலோவாட். சாதாரணமாக இந்த எண் வெளியே 35 டிகிரி உஷ்ணம் உள்ளபோது அளந்த எண்ணாகும். வெளியே 40 டிகிரி ஆனால் அதே யந்திரம் தரும் குளிர்ச்சி குறையும். கொள்ளும் மின்சாரமோ கூடும். தேவை மிகும் வேளையில் வலிமை குன்றும் இவ்வியல்பை, யந்திரம் செய்வோர் தரும் அட்டவணையிலிருந்து வளைகோடுகளாக எடுத்துக் கணினிக்குத் தர வேண்டும். ஒரே எண்ணை ஆண்டு முழுவதற்கும் வைத்தால் கணக்குப் பொய்க்கும்.

பெரிய யந்திரம் செய்யும் கேடு

ஒரு களஞ்சியத்தின் உச்சத் தேவை 2 டன் என்று வைத்துக்கொள்வோம். யந்திர அளவை மென்பொருளே தீர்மானிக்கும்படி விட்டால், வேறு எண் தரப்படாதவரை, அது பாதுகாப்புக்கென்று நூற்றுக்கு 15 பங்கு கூட்டும். கட்டுவோர் அதை அறியாமல் மேலும் 25 பங்கு கூட்டினால் ஏறக்குறைய 2.9 டன் ஆகும். வியாபாரி ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 4 டன் தருவார்.

இந்த யந்திரம் சில நிமிஷங்களில் அறையைக் குளிரச் செய்து நின்றுவிடும், மீண்டும் ஓடும், மீண்டும் நிற்கும். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த குழாய்களின்மேல் நீராகப் படிந்து வடிவதற்கு அது தொடர்ந்து சற்று நேரம் ஓடுதல் அவசியம். விட்டுவிட்டு ஓடினால் நீர் வடிவதில்லை. விசிறி மட்டும் சுழன்றுகொண்டிருந்தால் படிந்த நீரும் மீண்டும் அறைக் காற்றிலேயே கலக்கும். உஷ்ணமானி 20 டிகிரி காட்டும். சாக்கிலுள்ள விதையோ ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கும். ஈரப்பதம் இரண்டு பங்கு ஏறினால், 10 டிகிரி குளிர்ச்சியால் பெற்ற லாபம் முழுவதும் மேற்சொன்ன விதிப்படியே அழிந்துபோகும்.

இக்கேட்டைக் காட்டும் கணக்கு எனர்ஜிபிளஸில் உண்டு. எனினும் அதற்குரிய எண்களை நாமே தராவிடில் அது பூஜ்யம் என்று கொண்டு, கேடே இல்லாததுபோல் விடை தரும்.

உஷ்ணப்படுத்தலும் வேண்டுவதே

வெப்ப நாட்டில் உஷ்ணப்படுத்தும் சாதனம் எதற்கு என்று கேட்கலாம். மழைக்காலத்தில் வெயில் குறைவு, ஈரமோ அதிகம். காற்றை நன்றாகக் குளிரச் செய்து நீரை நீக்கிய பின், சிறிது சூடேற்றி அறைக்குள் விட வேண்டி வரும். ஆகவே இரு சாதனங்களையும் அமைத்தல் வேண்டும். ஆனால் அறையின் உஷ்ணத்துக்கென இரண்டுக்கும் ஒரே டிகிரியைக் குறித்துவிட்டால் ஒன்று குளிரச் செய்வதை மற்றொன்று சூடாக்கி, மின்சாரம் இருபுறமும் வீணாகும். 18 டிகிரிக்குக் கீழ் சூடு, 20 டிகிரிக்கு மேல் குளிர்ச்சி என்று இடைவெளி விடுதல் நலம்.

கவனிக்க வேண்டியவை

1. கடற்காற்று வீசும் சென்னையின் சீதோஷ்ண எண்கள் உள்நாட்டுக் கிராமத்துக்குப் பொருந்தா. அருகிலுள்ள, ஒத்த இயல்புடைய ஊரின் எண்களையே கேட்டு வாங்க வேண்டும்.

2. கூரை எவ்வளவு வெயிலை ஏற்கும் என்பதைக் குறிப்பிடாவிடில், நூற்றுக்கு 70 பங்கு ஏற்கும் என்று மென்பொருள் தானே கொள்ளும். வெள்ளை பூசியிருந்தால் அதற்குரிய எண்ணைத் தர வேண்டும்.

3. கதவிடுக்கில் புகும் காற்றைக் குறிப்பிடாவிடில் காற்றே புகாத அறையாகக் கணக்கிடும். அத்தகைய களஞ்சியம் கிராமத்தில் இல்லை.

4. குறித்த உஷ்ணம் எய்தப்படாத மணிகளை முடிவில் பார்த்தல் வேண்டும். கட்டடங்களை ஒப்பிடுவதற்கான அமெரிக்காவின் 90.1 தரநிலை 300 மணி வரை அனுமதிக்கிறது. அது பன்னிரண்டரை நாட்களாகும். மனிதர் பொறுத்துக்கொள்ளலாம், தொடர்ச்சியாக வந்தால் விதை பொறுக்குமா என்று பார்க்க வேண்டும்.

5. உஷ்ணத்தோடு அறைக் காற்றின் ஈரத்தையும் மணிவாரியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

இக்கணக்கைக் குடியானவர்களே செய்ய வேண்டும் என்பதில்லை; பயிற்சி பெற்ற பொறியியலாளர் செய்வர். ஆயினும் களஞ்சியத்துக்குப் பணம் கொடுப்பவரும், திட்டத்துக்குச் சிபார்சு செய்யும் கிராம உத்தியோகஸ்தரும் மேற்கண்ட ஐந்தையும் கேட்டுத் தெளிந்த பிறகே கையொப்பமிடுதல் தகும். காகிதத்தில் கண்ட பிழையை ஒரு நாளில் திருத்திவிடலாம். கட்டி முடித்த களஞ்சியத்தில் கண்ட பிழை விதைப்புக் காலத்தில், முளைக்காத நாற்றங்காலில்தான் தெரியவரும்.