பொற்கிண்ணமும் கல்லறையும்

பண்டை எகிப்து நாட்டின் வரலாறு பெரும்பாலும் மன்னரால் எழுதுவிக்கப்பெற்றது. கோயிற் சுவர்களிலும் கற்றூண்களிலும் அவர்தம் வெற்றிகளே விரித்துரைக்கப்படுகின்றன. பட்டறையில் ஊதுலையின் முன் அமர்ந்த ஏழைச் சிறுவன் என்ன எண்ணினான், எதற்கு அஞ்சினான் என்று கூறும் எழுத்தைக் காண்டல் அரிது. சிறுவர்க்கான வரலாற்றுப் புதினம் தன் கதைத்தலைவனைத் தேடிக்கொள்வது அந்த வெற்றிடத்திலேதான். அமெரிக்க எழுத்தாளர் எலோயிஸ் ஜார்விஸ் மக்ரா 1961-இல் வெளியிட்ட ‘பொற்கிண்ணம்’ என்னும் கதை இதற்கு ஏற்ற சான்றாகும்.

கதை நிகழும் இடம் நைல் ஆற்றங்கரையிலுள்ள தீப்ஸ் மாநகர். காலம் மூன்றாம் அமன்ஹோதெப் மன்னன் ஆண்ட கி.மு. 14-ஆம் நூற்றாண்டு. பொற்கொல்லர் ஒருவரின் மகனாகிய ரானோபர் தந்தையை இழந்து, மாற்றாந்தாய் மகனான கெபுவின் பிடியில் அகப்படுகிறான். கெபு கல்தச்சன், ஈரமற்ற நெஞ்சினன். ரானோபர் எடுபிடி வேலை செய்யும் பொற்பட்டறையிலிருந்து பொன் சிறிது சிறிதாகக் களவு போகிறது. அதனை அறியாமலே சுமந்து சென்றவன் தானே என உணரும்போது அவன் நடுங்குகிறான். சொன்னால் அடி விழும். சொல்லாவிடில் தானும் கள்வனே. பின்னர் ஒருநாள் கெபுவின் அறையில் ஒரு பொற்கிண்ணத்தைக் காண்கிறான். அதில் இறந்துபோன மன்னன் ஒருவனின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கல்லறையை உடைத்தாலன்றி அக்கிண்ணம் வெளியே வந்திருக்க முடியாது.

இறந்தோர் மறுமையில் வாழ்வதற்கு உணவும் உடையும் அணியும் வேண்டும் என்பது எகிப்தியர் நம்பிக்கை. ஆகவே கல்லறைக் களவு வெறும் பொருட்களவு அன்று. இறந்தவரை மீண்டும் கொல்வதாகும். அக்கொடுமையைத் தடுக்க ரானோபர் கள்வரைப் பின்தொடர்ந்து இருண்ட சுரங்கத்தினுள் இறங்குகிறான். அவன் புகுந்த கல்லறை அரசி தியியின் பெற்றோரான யுயா, துயா என்போருடையது.

இங்கே கற்பனையும் வரலாறும் கைகோக்கின்றன. அக்கல்லறை உண்மையாகவே உள்ளது. 1905-ஆம் ஆண்டில் மன்னர் பள்ளத்தாக்கில் குவிபெல் என்னும் ஆய்வாளர் அதனைக் கண்டறிந்தார். பழங்காலத்திலேயே கள்வர் அதனுட் புகுந்திருந்தனர். ஆயினும் தேரும் நாற்காலிகளும் கட்டில்களும் பொன்தகடு போர்த்த பேழைகளும் எஞ்சியிருந்தன. 1922-இல் தூதங்காமன் கல்லறை வெளிப்படும்வரை அப்பள்ளத்தாக்கில் இத்துணைக் குறைந்த சேதத்துடன் வேறொரு கல்லறை கிடைக்கவில்லை.

கெபுவைப் போன்றோரும் கற்பனைப் பிறவிகள் அல்லர். கி.மு. 1110-ஆம் ஆண்டளவில், ஒன்பதாம் ராம்சேஸ் காலத்தில் நடந்த வழக்கின் பதிவு பாபிரஸ் ஏட்டில் கிடைத்துள்ளது. அதன் ஒரு பாதி முன்னரே அறியப்பட்டிருந்தது. மறுபாதி 1935-இல் பிரசல்ஸ் நகர அருங்காட்சியகத்து மரச்சிலை ஒன்றின் உட்குடைவிலிருந்து வெளிப்பட்டது. அமன்பநூபர் என்னும் கல்தச்சன் அதில் தன் குற்றத்தை ஒப்புகிறான்: எண்மர் சேர்ந்து மன்னன் ஒருவனின் கல்லறையைத் துளைத்து, 160 தெபென் பொன் எடுத்து, ஆளுக்கு 20 எனப் பங்கிட்டனராம். 160 தெபென் என்பது 14 கிலோகிராமுக்கு மேற்பட்டதாகும். அவன் ஒருமுறை பிடிபட்டபோது தன் பங்கை எழுத்தர் ஒருவருக்குக் கையூட்டாகக் கொடுத்து விடுதலை பெற்று, மீண்டும் கூட்டாளிகளோடு சேர்ந்துகொண்டான்! கதையிலோ, ரானோபர் அரசியிடமே ஓடிச் செய்தியை உரைக்க, கள்வர் அகப்படுகின்றனர். ஏட்டிலுள்ள எகிப்து கதையிலுள்ள எகிப்தைக் காட்டிலும் கசப்பானது.

இவ்வாசிரியரே 1953-இல் எழுதிய ‘நைலின் மகள் மாரா’ என்னும் கதை இத்துணை உறுதியான அடித்தளம் உடையதன்று. அதில் பெண்ணரசி ஹாட்செப்சுத் அரியணையைப் பறித்த கொடியவளாகவும், மூன்றாம் தூத்மோஸ் உரிமை இழந்த நல்லோனாகவும் காட்டப்படுகின்றனர். அவள் பெயரையும் உருவங்களையும் அவன் அழித்தது சினத்தால் என்பது அக்காலத்தார் கருத்து. அவ்வழிப்பு அவள் மறைந்து ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பின்னரே நிகழ்ந்தது என்று பிற்கால ஆய்வு காட்டிற்று. அத்துணைக் காலம் ஆறாத சினம் எனக் கொள்வது கடினம். அடிமைப்பெண் மாராவின் துணிவு இன்றும் சுவை குன்றாதது. அரசியைப் பற்றிய தீர்ப்பை மட்டும் ஐயத்தோடே படித்தல் வேண்டும்.

இத்தகைய கதைகளின் மெய்ம்மை பெரும்பாலும் சிறு பொருள்களில் வெளிப்படும். அந்நாளைய எகிப்தில் நாணயம் இல்லை. கல்லறை கட்டிய தொழிலாளர் கோதுமையும் வாற்கோதுமையுமே கூலியாகப் பெற்றனர். சுமை தூக்க ஒட்டகம் வழங்கவில்லை, கழுதையே தூக்கிற்று. மக்ரா இதனை நன்கு அறிந்தவர். என்ன பரிசு வேண்டும் என்று வினவப்பட்டபோது ரானோபர் பொன்னையோ மாளிகையையோ கேட்கவில்லை. ஒரு கழுதை கேட்டான். ஆற்றோரத்து நாணலை வெட்டி அதன்மேல் ஏற்றி விற்றால் வயிற்றுக்கு உணவு கிடைக்கும். எஞ்சிய பொழுதில் தந்தையின் பொற்றொழிலைக் கற்கலாம்.