உமிக்கரி சாணைக்கல் ஆகும் கதை

உமிக்கரியால் பல் தேய்த்தவர்களுக்கு அந்தக் கரகரப்பு மறக்காது. கரி மெத்தென்றுதானே இருக்கும், கரகரப்பு எங்கிருந்து வந்தது? உமிக்குள் இருக்கும் சிலிக்காவிலிருந்து. மணலில் இருப்பதும் அதே சரக்குதான். அந்த உமிக்கரியை இன்னும் சூடேற்றினால் சிலிக்கன் கார்பைடு கிடைக்கும். கத்தியைத் தீட்டும் சாணைக்கல் செய்யப் பயன்படும் கடினமான பீங்கான் பொருள் அது.

சாமான்

100 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 20 கிலோ உமி தேறும். அதை முழுக்க எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு, 85 முதல் 95 சதவீதம் வரை, சிலிக்கா. தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை நெற்பயிர் வேர் வழியே உறிஞ்சுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போக, சிலிக்கா தங்கிவிடுகிறது, வெந்நீர்ப் பானையின் உட்புறம் உப்புப் படிவதைப் போல.

களைதல்

அரிசியைக் களைவது போல உமியையும் நீர்த்த அமிலத்தில் களைய வேண்டும். முக்கியமாகப் பொட்டாசியம் வெளியேற வேண்டும். அது இருந்தால் சிலிக்கா சீக்கிரம் உருகி, பாகு போலக் கரியை மூடிக்கொள்ளும். பிறகு எவ்வளவு எரித்தாலும் சாம்பல் வெளுக்காது.

அடுப்பு

காற்றோட்டமாக, 700 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் எரித்தால் வெள்ளைச் சாம்பல் கிடைக்கும். இதிலுள்ள சிலிக்கா பொரி மாதிரி, ஒழுங்கான அடுக்கு இல்லாதது. மற்றப் பொருள்களோடு எளிதில் வினைபுரியும். சூடு மிஞ்சினால் கற்கண்டு மாதிரி படிகமாகிவிடும். அந்தத் தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்கும் கேடு.

சாணைக்கல்லுக்கு வேண்டியது வெள்ளைச் சாம்பல் அல்ல. காற்றுப் படாமல் மூட்டம் போட்டுச் சுட வேண்டும். அப்போது கரியும் சிலிக்காவும் சேர்ந்தே நிற்கும். அதுதான் உமிக்கரி.

சமையல்

காற்றில்லாத உலையில் சுமார் 1500 டிகிரியில், ஒரு சிலிக்கா மூலக்கூறோடு மூன்று கார்பன் அணுக்கள் சேரும். சிலிக்கன் கார்பைடு பிறக்கும். கார்பன் மோனாக்சைடு வாயுவாகப் போய்விடும். மணலையும் கல்கரியையும் கலந்து செய்யும் வழக்கமான முறையில் உலைச்சூடு 2000 டிகிரியைத் தாண்டும். ஊறாத அரிசியையும் உளுந்தையும் அப்படியே கலந்து வைத்தால் மாவாகுமா? உமியிலோ சிலிக்காவையும் கார்பனையும் சேர்த்து நைஸாக அரைக்கும் வேலையைப் பயிரே முடித்துவிடுகிறது. அதனால் குறைந்த சூடே போதும். அமெரிக்காவின் இவான் கட்லர் இந்த வழிக்கு 1973இல் காப்புரிமை பெற்றார்.

இறக்குதல்

உமிக்கரியில் தேவைக்கு மேல் கார்பன் உண்டு. காற்றில் சுமார் 700 டிகிரியில் சுட்டால் மிச்சக் கரி எரிந்து போகும். தூளோடு பிணைப்புப் பொருள் கலந்து அச்சில் அழுத்தி மறுபடி சுட்டால், ஈரம் பட்ட சர்க்கரை டப்பாவில் கட்டி பிடிப்பது போல, துகள்கள் தொட்டுக்கொண்ட இடங்களில் ஒட்டிக் கல்லாகும்.

அரிசி ஆலைக் கொதிகலனில் எரியும் உமிக்கு இந்தப் பக்குவம் எதுவும் கிடையாது. அதனால்தான் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக, எதற்கும் முழுதாகப் பயன்படாமல் அந்தச் சாம்பல் ஆலைக்குப் பின்னால் மேடாகக் குவிகிறது.