மந்திரவாதியின் கிளியும் பட்டினத்தாரின் கரும்பும்

ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு குகை. குகைக்குள் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு கிளி. மந்திரவாதியின் உயிர் அந்தக் கிளியில் இருக்கு. பாட்டிமார் சொன்ன இந்தக் கதையைக் கேட்காதவங்க நம்ம தலைமுறையில் குறைவு. ஜெமினி ஸ்டுடியோ 1942-ல் எடுத்த தெலுங்குப் படமான 'பாலநாகம்மா'வில் வரும் மாயல மராட்டிக்கும் உயிர் கிளியில்தான். ரஷ்யக் கதைகளில் வரும் கோஷ்செய்க்கு ஊசி முனையில்: ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள்.

இதில் ஒரு கேள்வி வரும். மனுசனைக் கல்லாக மாற்றத் தெரிந்தவனுக்குச் சாகாமல் இருக்க ஒரு மந்திரம் கிடைக்கலையா?

கிடைக்கலை. எல்லாக் கதைகளும் ஒரே விதியைத்தான் வைக்கின்றன. மந்திரத்தால் மரணத்தை அழிக்க முடியாது, இடம் மாற்ற மட்டும்தான் முடியும். எங்க தொழில் பாஷையில் சொன்னால், அவன் பேக்கப் எடுக்கவில்லை. இருக்கிற ஒரே பிரதியை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டான், அவ்வளவுதான். கிளிதான் இப்போ அவனுடைய சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். வாளுக்கு அவன் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரு பறவையின் கழுத்துக்காகக் காலம் பூராவும் பயப்படணும்.

ஹாரி பாட்டரில் வோல்டெமார்ட் இதைச் சரிசெய்யப் பார்க்கிறான். உயிரை ஏழு துண்டாக்கி டைரி, மோதிரம், பாம்பு என்று ஒளிக்கத் திட்டம் போடுகிறான். பலன் என்ன? காவல் காக்க வேண்டியது ஒன்றுக்குப் பதில் பல. அர்சுலா லெ குவின் 1972-ல் எழுதிய 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' நாவல் இன்னும் கறார். காப் என்ற மந்திரவாதி, சாகாமல் இருக்கணும் என்று வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே ஒரு கதவைத் திறந்து வைக்கிறான். அதனால் உலகம் முழுக்க மந்திரம் வடிந்து போகிறது. அந்தக் கதவை மூடும் கெட் தன் மொத்தச் சக்தியையும் அதற்கே செலவழித்துவிடுகிறான்.

நம்ம மரபில் இந்தச் சக்திகள் சித்தர்களிடமும் ஞானிகளிடமும் இருக்கு. எல்லையும் கூடவே இருக்கு. சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்துகிடக்க, பசுக்கள் கதறுவதைப் பார்த்து ஒரு யோகி அவன் உடம்புக்குள் புகுந்தார். மாடுகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பினால், விட்டுப்போன சொந்த உடம்பைக் காணவில்லை. இடையனாகவே தங்கினார், திருமூலர் ஆனார். கூடு விட்டுக் கூடு பாயத் தெரியும், ஆனால் பழைய கூடு காத்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அருணகிரிநாதர் கதையும் இதேதான். பாரிஜாதம் கொண்டுவரக் கிளி உடம்பில் போனார். அதற்குள் சம்பந்தாண்டான் அவருடைய உடலை எரிக்க வைத்துவிட்டான். அவர் கிளியாகவே நின்ற இடம் என்று திருவண்ணாமலையில் கிளி கோபுரத்தைக் காட்டுவார்கள். மந்திரவாதி கிளியில் ஒளிந்தான், இவர் கிளியில் மாட்டிக்கொண்டார். ஆனால் இவர் பயந்து போனவர் இல்லை, பூவுக்காகப் போனவர்.

இதற்கெல்லாம் நேர் எதிர்த் திசையில் ஒருத்தர் நடந்தார்: பட்டினத்தார். சீடர் பத்திரகிரியார் தனக்கு முன்னாடியே முக்தி அடைந்துவிட, எனக்கு எப்போது, எங்கே என்று இவர் கேட்கிறார். கையில் கிடைத்தது ஒரு பேய்க்கரும்பு. அது எங்கே இனிக்குதோ அங்கேதான் முடிவு. ஊர் ஊராகப் போகிறார், கசக்குது. எங்க வள்ளூருக்குத் தெற்கே, திருவொற்றியூர் கடற்கரையில் இனிக்குது.

அங்கே விளையாடிய பிள்ளைகளிடம் தன்னை மூடச் சொன்னாராம். மூடித் திறந்தால் ஆள் இல்லை, வேறு இடத்திலிருந்து சிரித்துக்கொண்டு வந்தார். பிள்ளைகளுக்கு அது வித்தை. கடைசித் தடவை திறந்தபோது லிங்கம்தான் இருந்தது.

அவருக்கும் மறையத் தெரிந்திருந்தது பாருங்க. மந்திரவாதி தன் சாவு இருக்கும் இடத்தை யாருக்கும் தெரியாமல் ஏழு கடலுக்கு அப்பால் வைத்தான். இவர் அந்த இடத்தைத் தானே தேடிக்கொண்டு வந்தார். கதையில் கிளி எப்படியும் பிடிபட்டுவிடும், மந்திரவாதி துடித்துத்தான் சாவான். பட்டினத்தார் சமாதி இன்றும் திருவொற்றியூர் கடலோரம் இருக்கு. அதைக் கண்டுபிடிக்க எந்த ராஜகுமாரனும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம்.