வீட்டிலே முதியோர் பராமரிப்பு: தரமும் காப்பும்



யாழ்ப்பாணத்திலே ஒரு வீடு. எண்பது வயதைக் கடந்த தாய் ஒருவர் அங்கே வாழ்கின்றார். பிள்ளைகளுள் ஒருவர் இலண்டனில், மற்றவர் ரொறன்ரோவில். தாய்க்குத் துணையாகச் சம்பளம் பெறும் பெண்ணொருவர் இருக்கின்றார். மாலையிலே தொலைபேசி ஒலிக்கின்றது. "அம்மா, எப்படிச் சுகம்?" என்று மகன் கேட்கின்றார். "எனக்கென்ன குறை, தம்பி? நல்ல சுகம்" என்று தாய் விடையிறுக்கின்றார். மகனின் மனம் ஆறுகின்றது. முதல்நாள் கிணற்றடியிலே தாய் வழுக்கி விழுந்த செய்தியை அவர் அறியார். பிள்ளை கலங்குவானே என்றும், உள்ள துணையும் போய்விடுமே என்றும் அஞ்சித் தாய் அதனை மறைத்துவிட்டார்.

இது கற்பனை வீடுதான். ஆயினும் இதனை ஒத்த வீடுகள் நம்மிடையே பல. "நல்ல சுகம்" என்னும் இரண்டு சொற்களைக் கொண்டு ஒரு பராமரிப்பின் தரத்தை அளந்துவிடலாமா? இதுவே இன்று நாம் ஆராயவிருக்கும் பொருள்.

1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களுள் அறுபது வயதை எய்தியோர் நூற்றுக்கு 6.6 பேர். 2012ஆம் ஆண்டிலே அத்தொகை 12.4 ஆக உயர்ந்தது. பிள்ளைகளின் தொகை குறைந்தது. பலர் கடல் கடந்தனர். முன்னர் கூட்டுக் குடும்பத்திலே பல கைகள் பகிர்ந்து செய்த பணியை இன்று கூலிக்கு அமர்த்திய ஒருவரின் இரண்டு கைகள் செய்கின்றன. அன்பு மட்டும் போதும் என்றிருந்த இடத்திலே, அளவுகோலொன்றும் வேண்டியதாயிற்று.

அத்தகைய அளவுகோலைப் பிற நாட்டார் எவ்வாறு அமைத்தனர்? இங்கிலாந்திலே 2008ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் பராமரிப்புத் தர ஆணைக்குழு நிறுவப்பட்டு, 2009இல் கடமையைத் தொடங்கிற்று. வீடு தேடிச் சென்று முதியோரின் உடலைப் பேணும் நிறுவனங்களும் அங்கே பதிவுசெய்தல் வேண்டும். அவற்றை ஆணைக்குழு ஐந்து வினாக்களால் அளக்கின்றது. பணி ஆபத்தற்றதா? பயன் தருவதா? பரிவுடையதா? அவரவர் தேவைக்கு இசைவதா? நன்கு நிருவகிக்கப்படுவதா? பரிவு இவற்றுள் ஒன்று. பரிவே எல்லாமும் அன்று. அன்பு மிகுந்த ஒருவரும் அறியாமையால் தீங்கு செய்யக்கூடும் என்பதை இவ்வினாக்கள் நினைவூட்டுகின்றன.

முதலாவது வினாவை நம் வீட்டுக்குள் கொண்டுவருவோம். அறுபத்தைந்து வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இளையவர் விழுந்தால் எழுந்துவிடுவர். முதியவருக்கோ இடுப்பெலும்பு முறிந்து, எஞ்சிய நாள் கட்டிலிலே கழியவும் கூடும். பாசி படிந்த கிணற்றடி, ஈரமான குளியலறைத் தரை, விளிம்பு சுருண்ட பாய், இரவிலே விளக்கில்லாத வழி என்பனவே வீழ்ச்சிக்கு வித்துக்கள். சுவரிலே உறுதியான கைப்பிடி, மலகூடம் வரை ஓர் இரவு விளக்கு, வழுக்காத செருப்பு என்பன பெரும் செலவுக்குரியன அல்ல.

இரண்டாவது ஆபத்து மருந்திலே உள்ளது. ஒரே மருந்தை இரண்டு வைத்தியர்கள் இரண்டு வியாபாரப் பெயர்களால் எழுதிக் கொடுத்திருக்கலாம். பெயர் வேறாதலால் முதியவர் இரண்டையும் விழுங்குவார். நீரிழிவு நோயுள்ளவர் இன்சுலினையோ அந்நோய்க்குரிய சில மாத்திரைகளையோ வழமைபோல் எடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை விரதமென்று உணவைத் தவிர்த்தால், குருதியிலுள்ள சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், மயக்கம் என்பன தோன்றும். விரதம் இருக்க விரும்பினால் முன்னரே வைத்தியரைக் கேட்டல் வேண்டும். உட்கொள்ளும் மருந்துகள் யாவும் ஒரே தாளிலே எழுதப்பட்டு, செல்லும் வைத்தியர் ஒவ்வொருவருக்கும் காட்டப்படுதல் தரமான பராமரிப்பின் அடையாளம்.

மூன்றாவது, படுக்கைப் புண். அசையாது கிடப்பவரின் எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே தோல் நசுங்குகின்றது. அவ்விடத்துக்குக் குருதி செல்லாமையால் தசை அழிகின்றது. குதிகால், இடுப்பு, முதுகின் அடி ஆகியனவே முதலிற் கெடும் இடங்கள். பிரித்தானியத் தாதி டோரீன் நோட்டன் என்பாரும் அவருடன் ஆராய்ந்தோரும், புண் வரக்கூடியவரை முன்கூட்டியே கண்டறிவதற்குப் புள்ளி முறையொன்றை 1962ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அங்க அசைவு, மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்தையும் அது கணக்கிடுகின்றது. வீட்டிலுள்ளோர் செய்யக்கூடிய சோதனை எளியது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். சிவப்பு மங்கி மீளாமல் அப்படியே நின்றால், அது எச்சரிக்கை. அவ்விடத்திலே பாரம் படாதவாறு உடலைத் திருப்பி, தாதியையோ வைத்தியரையோ நாடுதல் வேண்டும். அங்கே தேய்த்து உருவுதல் தீது. கருநிறத் தோலிலே சிவப்புத் தெளிவாகத் தோன்றாது. ஆதலால் சூடு, வீக்கம், நோவு ஆகியவற்றையும் கவனித்தல் வேண்டும்.

இனி, மானம் என்னும் பொருள். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991ஆம் ஆண்டிலே முதியோருக்கான கோட்பாடுகளை ஏற்றபொழுது, பராமரிப்போடு சுதந்திரம், பங்குபற்றுதல், தன்னிறைவு, கண்ணியம் ஆகியவற்றையும் சேர்த்தே வைத்தது. சொல்லாமல் உடையைக் களைதல், கதவைத் திறந்துவைத்துக் குளிக்க வார்த்தல், அவர் முன்னிலையிலேயே "இவர் சாப்பிடுகிறாரில்லை" என்று பிறரிடம் முறையிடுதல் என்பன காயம் தோன்றாத தீங்குகள். தேநீரிலே எவ்வளவு சீனி வேண்டும் என்று கேட்பதும் தரத்தின் ஓர் அங்கமே.

அவசரத்திலே மானம் தங்காது. இங்கிலாந்திலே முதியோரின் வீட்டுப் பராமரிப்புப் பற்றி 2015ஆம் ஆண்டு வெளியான வழிகாட்டி, சில குறிப்பிட்ட சந்தர்ப்பங்களைத் தவிர, ஒரு வருகை அரைமணி நேரத்துக்குக் குறைதலாகாது என்று அறிவுறுத்திற்று. நம் வீடுகளிலோ குறை வேறு விதமானது. இங்கே பராமரிப்பவர் இரவும் பகலும் உடனிருக்கின்றார். ஆனால் அவருக்கு ஓய்வு இல்லை. இரவிலே நான்கு முறை எழுந்தவரின் கை, காலையிலே மருந்தைப் பிழையாக எடுக்கக்கூடும். அவருக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறையும், அவர் நோயுற்றால் வருவதற்கு மாற்றாள் ஒருவரும் வேண்டும். பராமரிப்பாளருக்குரிய தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் நம் நாட்டிலும் உண்டு. தூக்கும் முறையும் முதலுதவியும் பயின்றவர்க்கு அதற்கேற்ற ஊதியம் கொடுத்தல் தருமம் மட்டுமன்று, முதியவருக்குக் காப்புமாகும்.

சட்டம் என்ன செய்கின்றது என்று நேயர்கள் கேட்கலாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என விதித்தது. தம்மைத் தாமே பேண இயலாதவர் பிள்ளைகளிடம் செலவு கோரிச் சபையொன்றின்முன் முறையிடவும் வழிசெய்தது. முதியோர் இல்லங்களின் பதிவையும் அது வகுத்தது. ஆயினும், வீட்டின் உட்கதவுக்குள் நாள்தோறும் நுழைந்து பார்க்க எந்தச் சட்டத்துக்கும் கண்ணில்லை. அங்கே பரிசோதகர் குடும்பத்தாரே.

அப்பரிசோதனைக்கு வேண்டிய கருவி ஒரு கொப்பி. மருந்து கொடுத்த நேரம், உண்ட உணவு, பருகிய நீர், உடலைத் திருப்பிய வேளை, தோலிலே கண்ட மாற்றம், விழுந்திருந்தால் எங்கே, எவ்வாறு என்பனவற்றை அதிலே எழுதிவைக்கச் செய்யுங்கள். குற்றம் பிடிப்பதற்கு அன்று. அடுத்து வருபவர் அறிந்து செய்வதற்கு. விழுந்ததை எழுதியவரை ஏசினால், அடுத்த வீழ்ச்சி எழுதப்படாது. அவருக்கு நன்றி கூறி, கிணற்றடியைத் தேய்த்துக் கழுவுவிக்க வேண்டும்.

இறுதியாக, தூர தேசத்திலிருந்து பேசும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். "சுகமா?" என்று மட்டும் கேளாதீர்கள். இன்று என்ன சாப்பிட்டீர்கள், இரவிலே எழும்ப யார் உதவினார், குளிக்கும்பொழுது எங்கேனும் நொந்ததா என்று கேளுங்கள். துணைப்பெண் அருகில் இல்லாத வேளையிலும் ஒருமுறை கேளுங்கள். பின்னர் அப்பெண்ணிடமும், அவர் நித்திரை கொண்டாரா என்று கேளுங்கள். சொன்னால் எவரும் கோபியார் என்ற நம்பிக்கை பிறந்தால், நேற்று விழுந்தேன் என்று தாய் இன்று சொல்வார். அந்த வார்த்தை அச்சமின்றி வெளிவரும் வீடே தரமான பராமரிப்புள்ள வீடு.