பியர் பானைக்குள் துணிப்பை ஏன்?

முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 65–68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், தானியத்திலுள்ள அமைலேஸ் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். பிறகு சக்கையை நீக்க வேண்டும். அதற்குத் தனிப் பாத்திரம் எதற்கு என்று ஆஸ்திரேலியாவில் வீட்டில் பியர் காய்ச்சுபவர்கள் 2000-களில் பரப்பிய வழிதான், தானியத்தைத் துணிப்பையிலிட்டு ஊறவைத்துச் சக்கையைப் பையோடு தூக்கிவிடுவது.

பருத்தி வேண்டாம், காயத் தாமதமானால் பூஞ்சை பிடிக்கும். ஜன்னல் திரைக்குப் போடும் மெல்லிய பாலியெஸ்டர் துணி போதும்: சக்கை நிற்கும், சாறு ஓடும். பை பானை அளவுக்குத் தாராளமாக இருக்கட்டும். இறுகினால் நடுவில் மாவு கட்டிதட்டி, நொதி வேலை செய்ய முடியாமல் போகும். இடையில் சூடேற்றுவதானால் அடியில் கம்பித்தட்டு வையுங்கள், துணி கருகாது.

தூக்கிய பையைப் பிழிந்தால் பியர் துவர்க்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. துவர்ப்பைக் கிளப்புவது மிகுந்த சூடும் காரத்தன்மையும்தான். கையுறை மாட்டிக்கொண்டு நன்றாகப் பிழியலாம்.