வாத்து முட்டைக்கு அடைக்கோழி

கொல்கத்தா கிடர்பூரிலிருந்து டயமண்ட் ஹார்பர் சாலையில் தெற்கே போனால் தென் 24 பர்கானா மாவட்டம். அங்கே வீட்டோரக் குளமும் அதில் வாத்துகளும் பழகிய காட்சி. அந்த வாத்து முட்டைகளை அடைகாப்பது பெரும்பாலும் நாட்டுக்கோழிதான்!

காக்கி கேம்ப்பெல் வாத்து நன்றாகப் பராமரித்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். முட்டைக்காகவே தேர்ந்து பெருக்கிய இனம் என்பதால் அடையில் உட்காரும் குணம் அதனிடம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. நம் நாட்டுக்கோழியோ அடைக்கு உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. என்ன பொறுமை அதற்கு!

கோழி முட்டை 21 நாளில் பொரியும். வாத்து முட்டைக்கு 28 நாள். அந்தக் கூடுதல் ஒரு வாரமும் கோழி பட்டினி கிடக்காமல், தீனியும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வாத்து முட்டை பெரியது. பத்துப் பன்னிரண்டு கோழி முட்டை வைக்கும் இடத்தில் ஏழெட்டு போதும். கோழியால் அதை எளிதில் புரட்ட முடியாது, தினமும் நாம்தான் திருப்பிவிட வேண்டும். தாய் வாத்து நனைந்த இறகோடு வந்து உட்காரும். அந்த ஈரத்துக்கு ஈடாக வெதுவெதுப்பான நீரை லேசாகத் தெளிக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்த்து, கூமுட்டையை எடுத்துவிடுங்கள்.

குஞ்சுகளை முதல் சில வாரம் குளத்தில் விடாதீர்கள், நனைந்து விறைத்துப்போகும். பிறகு அவை நீந்தப் போகும். வளர்த்த கோழி கரையிலேயே நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.